ஆளுக்கு அரை லிட்டர்

சம்பந்தி இன்றைக்கு முகம் கொடுத்துப் பேசுவாரா மாட்டாரா என்று தெரியாமல், சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு மூன்று பேர் ஒரு பழைய பிக்கப் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

சம்பந்தி என்பது வண்டிக்கு வைத்த பேர். எப்போது கோபித்துக்கொள்ளும் என்று தெரியாது, கோபித்துக்கொண்டால் காரணம் சொல்லாது, திட்டவும் முடியாது. திட்டினால் நடுரோட்டில் மானத்தை வாங்கிவிடும். வேறு என்ன பேர் வைக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

வண்டிக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் தையல்காரி அக்காவின் புருஷன், தச்சு வேலைக்காரர். இன்னொருவன் அக்காவின் கூடப்பிறந்த தம்பி, பிளம்பர். திங்கள், செவ்வாய், புதன் தச்சருக்கு. பலகையும் கதவுச் சட்டமும் ஏறும். வியாழன், வெள்ளி, சனி தம்பிக்கு. குழாயும் தண்ணீர்த் தொட்டியும் ஏறும். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு ஓய்வு, மாமனுக்கும் மச்சினனுக்கும் சண்டை. வாரம் முழுக்க வண்டிக்கு என்ன ஆனதோ அதற்கு மற்றவன்தான் காரணம் என்று இருவரும் அன்றைக்கு நிரூபிப்பார்கள். நடுவில் அக்கா. அவளுக்கு வண்டியில் ஒரு நாள்கூடப் பங்கு கிடையாது. பஞ்சாயத்தில் மட்டும் முழுப் பங்கு.

ஆனால் இந்தச் சனிக்கிழமை அவளுடையது.

மூன்று வருஷமாக அவள் நகர அலுவலகத்துக்கு நடந்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே, மரத்தடியில், ஒரு பெட்டிக்கடை நிற்கிற அளவுக்கு இடம் கேட்டு. நர்சுகளுக்குச் சீருடை, டாக்டர்களுக்கு வெள்ளைக் கோட்டு, வார்டு வாசலில் அறுந்த பை, இடுப்பு பெருத்துப்போன பேண்ட்டு என்று வேலைக்குப் பஞ்சம் இல்லாத இடம். இப்போது அவள் தைப்பது மூன்றாவது மாடி வீட்டின் முன்னறையில். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர், படியேறி வந்ததும் முதலில் தண்ணீர்தான் கேட்டார்கள். மீதிப் பேர் ஏறவே இல்லை. போன வாரம் கடிதம் வந்தது: இடம் அவளுக்கு. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்து ஆள் அளவு நாடாவோடு வருவார். அவர் வரும்போது கடை, தரையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகளுக்குள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பட்டியலில் அடுத்த பேருக்கு இடம் போய்விடும். அடுத்த பேர் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர். அந்த மரத்தடியிலேயே கழுத்தில் பலகையை மாட்டிக்கொண்டு கண்ணாடி விற்கிறவர். மூன்று வருஷமாக அலுவலக பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

கடை தயார். இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு தகர அறை. முன்னே ஒரு காலத்தில் காவல்காரர் உட்கார்ந்திருந்த அறை அது. தச்சர் அதற்கு ஜன்னல் வெட்டி, தட்டு அடித்து, தையல் மேசை போட்டுக் கொடுத்திருந்தார். அதை வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி ஒன்பது கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் வேலை. 

"சாவியப் போடுடா, பாக்கலாம்" என்றாள் அக்கா.

தம்பி சாவியைத் திருகினான். வண்டி ஒரு முறை இருமியது.

"புதன்கிழமை நான் உங்கிட்ட குடுக்கும்போது ஒரே திருகுல கிளம்பிச்சு, மாப்ள" என்றார் தச்சர்.

"நீங்க குடுத்ததே தள்ளிவிட்டுத்தான் மாமா. தெருவே பாத்துச்சு."

"சரிவுல நிறுத்தியிருந்தேன். அதுவா உருண்டுச்சு."

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டு வண்டியக் கிளப்புறீங்களா, இல்ல நான் போய் மாட்ட ஓட்டிட்டு வரட்டா?" 

நாலாவது திருகில் சம்பந்தி எழுந்தார். பின்னால் நீலமாகப் புகை விட்டார். தெருவில் துணி காயப்போட்டிருந்த பெண்கள் அவசரமாகத் துணியை எடுத்தார்கள். அக்கா கையைத் தூக்கி அவர்களிடம் மன்னிப்புக் கேட்டாள். இந்த ஒரு மாதமாகவே அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒரு மாதம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் நான்கு மாதம் வண்டி இல்லை. எஞ்சினில் ஆயில் ஊற்றவேண்டியது மாமாவின் வேலை என்று தம்பியும், மாப்பிள்ளையின் வேலை என்று தச்சரும் நினைத்துக்கொண்டிருக்க, எஞ்சின் காய்ந்து, இறுகி, ஒருநாள் பாதி வழியில் பிடித்துக்கொண்டது. எஞ்சினைப் பிரித்து, சாமான் மாற்றி, மறுபடி பூட்டுவதற்குள் நான்கு மாதம். அந்த நான்கு மாதம் தச்சர் கதவுகளைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போனார். தம்பி தண்ணீர்த் தொட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பஸ் ஏறப் பார்த்து, நடத்துநரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். 

எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். ஓட்டுகிற இடத்தில் தம்பி, ஏனென்றால் சனிக்கிழமை அவன் நாள். அந்தக் கடைசியில் தச்சர், ஏனென்றால் அந்தப் பக்கக் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும், அவர் கைதான் ஜன்னல் வழியாக எட்டும். நடுவில் அக்கா, கியர் மாற்றும்போதெல்லாம் முட்டியில் இடி வாங்கிக்கொண்டு.

பெரிய சாலைக்கு வந்து கொஞ்சம் வேகம் பிடித்ததும் பின்னால் கடை ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக. அப்புறம் நாய் வாலை ஆட்டுவதுபோல. அப்புறம் அந்த வால் நாயையே ஆட்டத் தொடங்கியது. பக்கத்தில் பைக்கில் வந்த ஒருவர் அவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு ஒதுங்கினார்.

தம்பி வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினான். இறங்கிப்போய்க் கடைக்குள் எட்டிப் பார்த்தான். 

"மாமா, ரெண்டு மிஷினையும் எங்க வெச்சிருக்கீங்க?"

"பின்னால. மேசை அங்கதானே இருக்கு."

"பின்னால பாரம் இருந்தா ஆடாம என்ன செய்யும்? பாரம் முன்னால, கொக்கி பக்கம் இருக்கணும். இழுக்கிறவனுக்குத் தெரியும்."

"மிஷின் மேசை மேலதான் இருக்கும். தைக்கிறவளுக்குத் தெரியும்." 

"தைக்கிறவ இங்கதான் இருக்கேன்" என்றாள் அக்கா. "எடுத்து முன்னால வைங்க." 

"எடுக்க முடியாது. எட்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கேன். கழட்டுறதுக்கா போட்டேன்?"

கழற்றினார்கள். எட்டு ஸ்க்ரூ இல்லை, பதினாறு. தச்சர் எதையும் பாதியில் விடுகிறவர் இல்லை. ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று கேட்டால், அது வண்டிப் பெட்டியில் தம்பியின் குழாய்களுக்கு அடியில் கிடந்தது. அதை எடுக்கக் குழாய்களை ஒவ்வொன்றாகச் சாலையோரம் இறக்கவேண்டியிருந்தது. இரண்டு மிஷினையும் கடையின் முன்பக்கம் கொண்டுவந்து, கயிறு போட்டுக் கட்டி, குழாய்களைத் திரும்ப ஏற்றும்போது ஒன்பதரை ஆகிவிட்டது. 

இப்போது கடை ஆடவில்லை. அக்கா பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் மேம்பாலத்தின் ஏற்றம் வந்தது. 

ஏற்றத்தின் அடியிலேயே சம்பந்தி சோர்ந்துபோனார். தம்பி மிதிக்கிறான், வண்டி முனகுகிறது, நகரவில்லை. பின்னாலிருந்து நீலப் புகை வந்தது பாருங்கள், பாலத்தடியில் நின்ற போக்குவரத்துக் காவலர் மூக்கைப் பொத்திக்கொண்டு, எங்கேயாவது போய்த் தொலையுங்கள் என்கிற மாதிரி கையைக் காட்டினார். தொலைவதற்கு இடம் பக்கத்திலேயே இருந்தது. பாலத்துக்குக் கீழே, இரண்டு பக்கமும் வாசல் வைத்த பெரிய ஒர்க் ஷாப். வண்டியைப் பிரித்துப் பூட்டிக் கொடுத்த அதே மெக்கானிக்குடையது. ஊரில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பேர். ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கிறவர்.

இழுவையோடு இழுவையாக உள்ளே போய் நின்றார்கள். 

"அண்ணே, பன்னெண்டு மணிக்குள்ள ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும்ணே" என்றாள் அக்கா. 

எக்ஸ்பிரஸ் புகையைப் பார்த்தார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அது சரியாக நிற்கிறதா என்று பார்த்தார். 

"எஞ்சின் ஆறட்டும். ஆயில் எல்லாம் கீழ இறங்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"இறங்குற நேரம்." 

ஆயில் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் மாமனும் மச்சினனும் சும்மா இல்லை. எஞ்சின் மறுபடி போய்விட்டது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். யாரால் போனது என்பதில்தான் பிரச்சினை. பாலம் ஏறும்போது தப்பான கியர் என்றார் தச்சர். அளவுக்கு மேல் பலகை ஏற்றினால் கியர் என்ன செய்யும் என்றான் தம்பி. அக்கா ஒர்க் ஷாப் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அது மூன்றே கால் காட்டியது. எப்போதும் மூன்றே கால்தான் என்றார் எக்ஸ்பிரஸ். 

ஒரு வழியாக அவர் எழுந்து, மூடியைத் தூக்கி, ஆயில் மட்டம் பார்க்கிற அளவுக் குச்சியை உருவினார். துடைத்தார். விட்டார். மறுபடி உருவினார். வெகு நேரம் பார்த்தார். 

"இதுல எண்ணெய் ஊத்துனது யாரு?"

தம்பி நெஞ்சை நிமிர்த்தினான். "நான்தான். அண்ணே, இந்தத் தடவை நான் யாரையும் நம்பல. பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் அரை லிட்டர். மாமா ஊத்தமாட்டாருன்னு எனக்குத் தெரியும்."

தச்சர் அவனைத் திரும்பிப் பார்த்தார். "நீ ஊத்துனியா? நான்தானே ஊத்திட்டு இருக்கேன். பதினஞ்சு நாளைக்கு அரை லிட்டர். நீ எங்க ஊத்தப்போறேன்னு."

"எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"நீ சொன்னியா?"

எக்ஸ்பிரஸ் வண்டிக்கு அடியில் ஒரு வாளியை வைத்து அடைப்பை நெகிழ்த்தினார். ஆயில் நூலாக இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. 

"புது சாமான் போட்ட எஞ்சின். அது எண்ணெய் குடிக்கவே குடிக்காது. நீங்க மேல மேல ஊத்த, உள்ள அது மோர் கடையிற மாதிரி கடைஞ்சு, நுரை கட்டி, காத்து போற வழியில ஏறி எரியுது. எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல. வயிறு முட்டிப்போச்சு, அவ்வளவுதான்" என்றார். "இந்தக் குச்சி எதுக்கு வெச்சிருக்குன்னு நினைச்சீங்க?"

"கண்ணாடி இல்லாம கோடு தெரியாதுண்ணே" என்றார் தச்சர். 

"துடைக்கத் துணி இருக்காதுண்ணே" என்றான் தம்பி.

அக்காவுக்கு வாயில் வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. பன்னிரண்டு வயசு வண்டி, நாற்பது தாண்டிய இரண்டு ஆம்பளைகள், ஒரு குச்சி. எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது எக்ஸ்பிரஸ், குச்சியில் மட்டம் சரியான கோட்டுக்கு வந்ததும், அடைப்பை இறுக்கிவிட்டு வாளியைத் தூக்கினார். அதன் உள்பக்கத்தில் கோடு போட்டிருந்தது. 

"கணக்கு உதைக்குதே" என்றார். "வண்டி இங்கேர்ந்து போய் ஒரு மாசம். ரெண்டு பேரு, ரெண்டு ரெண்டு தடவை, அரை அரை லிட்டர். ரெண்டு லிட்டர்தான் கூட இருக்கணும். வாளியில மூணு இருக்கு."

"நீங்களே கூட ஊத்திப் பூட்டியிருப்பீங்க" என்றான் தம்பி.

"நான் குச்சி பாத்து ஊத்துற ஆளு." 

பாலத்தின் மேலே லாரிகள் போகிற சத்தம் கேட்டது. அக்கா சேலைத் தலைப்பின் ஓரத்தில் பிரியாத ஒரு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் எக்ஸ்பிரஸ் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு தன்னையே சந்தேகப்பட்டு நின்றுகொண்டிருந்தார். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. 

"நான் ஊத்துனேன்" என்றாள்.

இரண்டு தலைகளும் ஒன்றாகத் திரும்பின. 

"நீங்க ரெண்டு பேரும் ஊத்தமாட்டீங்கன்னுதான். சாயங்காலம் நீங்க காலு கழுவப் போற நேரத்துல. அரை லிட்டர். ரெண்டு தரம்."

முதலில் தச்சர் சிரித்தார். அப்புறம் தம்பி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்ததை அவள் பார்த்ததில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். 

"அக்கா, நீ குச்சி பாத்தியா?"

"உங்க அக்கா குச்சிய எங்க பாப்பா மாப்ள, அவ இஞ்ச் டேப்புதான் பாப்பா."

பதினொன்று இருபதுக்கு அங்கிருந்து புறப்பட்டார்கள். சம்பந்தி ஒரே திருகில் கிளம்பி, புகை இல்லாமல், பாலத்தை ஒரு வார்த்தை பேசாமல் ஏறி இறங்கினார். வண்டிக்குள்தான் பேச்சு ஓயவில்லை. தம்பி அவளுக்குத் தலைக்கு எண்ணெய் எத்தனை லிட்டர் என்று கேட்டான். தச்சர் அன்றைக்குச் சாதம் மூன்று தடவை வெந்திருக்குமோ என்று கவலைப்பட்டார். அக்கா ஐந்தாறு முறை வாயைத் திறந்து மூடினாள். காலையிலிருந்து அவளிடம் இருந்த ஒரே அதிகாரம், இந்த இரண்டு பேரையும் விட நமக்குப் புத்தி இருக்கிறது என்பதுதான். அது அந்த வாளியோடு போய்விட்டது. முட்டியில் கியர் இடித்தபோது காலை மட்டும் நகர்த்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம். எதிரே மரத்தடியில் வெள்ளைக் கோடு தெரிந்தது. கோட்டுக்குப் பக்கத்தில், மடக்கு நாற்காலியில் மூக்குக்கண்ணாடிக்காரர், மடியில் பலகை. அவளைப் பார்த்ததும் தலையசைத்தார். அவளும் அசைத்தாள். மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள். 

கடையைப் பின்னோக்கித் தள்ளி அந்தக் கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். இழுக்கிற வண்டியை முன்னால் ஓட்டுவது ஒரு வேலை, பின்னால் தள்ளுவது வேறு வேலை. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் பின்னால் இருப்பது வலது பக்கம் போகும். இது தம்பிக்குத் தெரியும். தெரிந்ததை நினைப்பதற்குள் கை பழக்கப்படி திரும்பிவிடும். தச்சர் இறங்கிப் பின்னால் நின்று வழி காட்டினார். 

"லெப்ட்ல ஒடி மாப்ள. லெப்ட். அந்த லெப்ட் இல்ல, என் லெப்ட்." 

"உங்க லெப்ட் எனக்கு ரைட்டு மாமா, நீங்க என்னப் பாத்து நிக்கிறீங்க."

கடை மடங்கிக்கொண்டு நடுரோட்டுக்கு மூக்கை நீட்டியது. முன்னால் எடுத்தான், மறுபடி தள்ளினான். இந்த முறை மரத்தைப் பார்த்துப் போனது. ஆட்டோக்கள் நின்று ஹாரன் அடித்தன. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் வாசலிலிருந்தே கையை விரித்தார். தச்சர், இறங்கு நான் தள்ளுகிறேன் என்றார். இடம் மாறினார்கள். தச்சர் தள்ள, கடை அவர் தள்ளியதற்கு நேர் எதிராகப் போய் மறுபடி நடுரோட்டில் நின்றது. இப்போது தம்பி பின்னால் நின்று தன் லெப்ட்டைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அக்கா நடைபாதையில் நின்றாள். மணி பன்னிரண்டுக்கு ஏழு. வேறு நாளாக இருந்தால் இரண்டே வார்த்தையில் இருவரையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்திருப்பாள்: நீ ஓட்டு, நீ வாயை மூடு. இப்போது முடியாது. சொன்னால் குச்சி என்பார்கள். அதோ பாருங்கள், சாலை முனையில் அலுவலகத்து ஆள் தெரிந்தார். கையில் நாடா, கக்கத்தில் கோப்பு. மூன்று வருஷம் நடந்தது அவள் கண்முன்னால் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தது. 

ஏழாவது தடவையும் கடை மரத்தைப் பார்த்துத்தான் போனது. 

மூக்குக்கண்ணாடிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டார். அதையும் அவரால் தாங்க முடியவில்லை. பலகையை அக்கா கையில் திணித்துவிட்டு ஓட்டுநர் பக்கக் கதவைப் போய்த் தட்டினார். 

"இறங்குங்க."

"யாரு நீங்க?" என்றார் தச்சர். 

"இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டுனவன். இடுப்பு போய்த்தான் கண்ணாடி விக்கிறேன். நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், ஒரே தப்ப ஏழு தடவை அதே மாதிரி பண்றீங்களே, ஒரு தடவையாவது மாத்திப் பண்ணக்கூடாதா? இறங்குங்க ஐயா, வயிறு எரியுது. நீ அங்க நிக்காத தம்பி, உன் லெப்ட்டும் வேண்டாம், ரைட்டும் வேண்டாம், போய் அந்தக் கல்லு மேல உக்காரு."

தச்சர் இறங்கினார். தம்பி கல்லின் மேல் உட்கார்ந்தான். 

கண்ணாடிக்காரர் வண்டியை முன்னால் நேராக எடுத்தார். நின்றார். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நடக்கிற வேகத்தில் பின்னால் வந்தார். கடை தானாக நடந்து வருவதுபோல வந்து, மரத்தைத் தொடாமல், வெள்ளைக் கோட்டுக்குள் ஒரே மூச்சில் நின்றது. அவர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்து, கொக்கியைக் கழற்றி, வண்டியை அந்தப் பக்கம் தள்ளி நிறுத்திவிட்டுச் சாவியைத் தம்பி மடியில் போட்டார். 

அதன் பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கோட்டைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், வந்துகொண்டிருந்த அலுவலகத்து ஆளைப் பார்த்தார். 

"அண்ணே" என்றாள் அக்கா. 

"ஒண்ணும் சொல்லாதம்மா" என்றார். "அப்படியே விட்டிருந்தா இடம் எனக்கு. தெரியும். ஆனா அதுக்கு இன்னும் ரெண்டு தடவை இதைப் பாக்கணுமே." 

அலுவலகத்து ஆள் நாலு பக்கமும் அளந்தார். இரண்டு விரல் உள்ளேயே இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். இவ்வளவு சுத்தமாக யார் நிறுத்தியது என்று கேட்டார். தச்சரும் தம்பியும் ஒன்றாக வாயைத் திறந்தார்கள். அக்கா பார்த்த பார்வையில் ஒன்றாக மூடினார்கள். 

"இவருதான் சார்" என்று கண்ணாடிக்காரரைக் காட்டினாள். "பட்டியல்ல அடுத்த பேரு." 

அந்த மனிதர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்க நினைத்தார். அப்புறம், இதற்கெல்லாம் படிவம் இல்லை என்பதுபோல, முத்திரை குத்திக் காகிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கண்ணாடிக்காரர் பலகையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கிளம்பவில்லை. மடக்கு நாற்காலியைக் கடையின் நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டார். வண்டிப் பக்கத்தில் பேச்சு ஆரம்பமாகியிருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை விட்டிருந்தால் நானே நிறுத்தியிருப்பேன் என்று தச்சர் சொன்னார். நீங்கள் என்னை இறக்காமல் இருந்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேன் என்றான் தம்பி.

அக்கா கதவைத் திறந்து கடைக்குள் ஏறினாள். கயிற்றை அவிழ்த்தாள். மிஷின்கள் பத்திரமாக இருந்தன. ஜன்னல் பலகையை வெளியே தள்ளித் திறந்தாள். எதிரே ஆஸ்பத்திரி வாசல் முழுசாகத் தெரிந்தது. சீருடைக் கையில் தையல் விட்ட ஒரு நர்சு, கடையை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறு தங்கம் என்று அக்கா அவளுக்குக் கையைக் காட்டினாள். முழங்கையை ஜன்னல் பலகையில் ஊன்றிக்கொண்டாள். தன் இடம், தன் கூரை, மேலே ஏறி நிற்கிறவள் தான், கீழே நிற்கிறவர்கள் அவர்கள்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க" என்றாள். "பதினாறு ஸ்க்ரூவுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

கண்ணாடிக்காரர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.